மார்க்கேரியன் 421-இன் எக்ஸ்-கதிர் ஏற்ற இறக்கத்தை வீட்டிலிருந்தே வரைவது எப்படி

மலேசியாவின் சுங்கை சிப்புட் பக்கம் செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவே இருக்கும் நம் பிள்ளைகள் பலர், வானியல் என்றாலே பெரிய தொலைநோக்கியும் தெளிவான வானமும் வேண்டும் என்று ஒதுங்கிவிடுகிறார்கள். எக்ஸ்-கதிருக்கு இரண்டுமே வேண்டாம். அது காற்றுமண்டலத்தைத் தாண்டித் தரைக்கு வருவதே இல்லை, விண்வெளியில் இருக்கும் கருவிதான் பிடிக்க வேண்டும், பிடித்த தரவை யாரும் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம்.

முதலில் மார்க்கேரியன் 421-ஐ எடுங்கள். ஏறத்தாழ 40 கோடி ஒளியாண்டு தொலைவில் இருக்கும் இந்த விண்மீன் மண்டலத்தின் ஜெட், அதாவது மையத்திலிருந்து பீறிடும் துகள் தாரை, கிட்டத்தட்ட நம்மை நோக்கியே பாய்கிறது, அதனால்தான் இவ்வளவு வேகமாக மினுங்குகிறது. சர்வதேச விண்வெளி நிலையத்தின் ஜப்பானியக் கூடத்தில் 2009 முதல் இருக்கும் மேக்ஸி (MAXI) என்ற எக்ஸ்-கதிர்க் கருவியின் இணையதளத்தில், ஒரு நாளுக்கு ஒரு புள்ளி என்று போட்ட கோப்பு கிடைக்கும். எக்செல்லில் திறந்ததும் முதல் நெடுவரிசையில் இருக்கும் ஐந்து இலக்க எண்ணைப் பார்த்துத் திகைக்காதீர்கள், அது 1858 நவம்பர் 17 முதல் எண்ணிவந்த நாள். அதிலிருந்து 15018-ஐக் கழித்துத் தேதி வடிவத்துக்கு மாற்றினால் சரி. பிறகு தேதிக்கு எதிரே ஒளிர்வை வரையுங்கள்.

அப்புறம்தான் உண்மையான வேலை. மேடு தெரிந்ததும் வெடிப்பு என்று குதிக்கக் கூடாது. ஒற்றைப் புள்ளி மட்டும் உயர்ந்து, அதன் பிழைக்கோடும் (அளவீடு எவ்வளவு தவறியிருக்கலாம் என்று காட்டும் கோடு) நீளமாக இருந்தால் விட்டுவிடுங்கள். உண்மையான மாற்றம் எவ்வளவு என்று அறிய, ஒளிர்வுகளின் மாறுபாட்டிலிருந்து (திட்டவிலக்கத்தின் வர்க்கம்) பிழைகளின் வர்க்கச் சராசரியைக் கழித்து, வர்க்கமூலம் எடுத்து, சராசரி ஒளிர்வால் வகுக்க வேண்டும். சராசரி 0.05, திட்டவிலக்கம் 0.03, பிழை எல்லாம் 0.02 என்று வைத்துக்கொண்டால் 0.0009-இல் 0.0004 போக 0.0005, விடை சுமார் 45 விழுக்காடு. கழித்தது எதிர்க்குறியில் வந்தால் அந்தத் தரவில் மாற்றம் இருப்பதாகச் சொல்லவே முடியாது, அதையும் அப்படியே எழுதி வையுங்கள். கூடவே நண்டு நெபுலாவுக்கும் இதே கணக்கைப் போடுங்கள். பெரிதாக மாறாத பொருள் அது, அதுவும் அதே நாளில் எகிறினால் சந்தேகம் கருவி மேல்தான்.

ஒரே நாளில் ஒளிர்வு இரட்டித்தால் என்ன தெரிகிறது? தோட்டத்தில் காலையில் ஆள் கூடும் பெரட்டில் கங்காணி சொன்னது கடைசி வரிசைக்குப் போய்ச் சேர நேரமாகும், எல்லாரும் சட்டென்று திரும்பினால் கூட்டம் சிறியது. அதே கணக்கில், ஒளி ஒரு நாளில் போகும் சுமார் 2,600 கோடி கிலோமீட்டர்தான் அந்தப் பகுதிக்கு எல்லை. ஜெட் நம்மை நோக்கி வருவதால் அது பத்து மடங்குபோலக் கூடலாம். ஒரு விண்மீன் மண்டலத்தின் அளவுக்கு அது தூசுகூட இல்லை, இதைச் சொந்தக் கையால் கணக்கிடும்போது வரும் பிரமிப்பே வேறு.

கடைசியாக 4–10 கிலோ எலக்ட்ரான் வோல்ட் (எக்ஸ்-கதிர் ஆற்றலின் அலகு) பட்டையின் ஒளிர்வை 2–4 பட்டையின் ஒளிர்வால் வகுத்து அதையும் வரையுங்கள். பிரகாசம் ஏறும்போது இந்த விகிதமும் பெரும்பாலும் ஏறும், ஏனென்றால் புதிதாக முடுக்கப்பட்ட ஆற்றல் மிக்க எலக்ட்ரான்கள்தான் அந்த உயர் எக்ஸ்-கதிரைத் தருகின்றன, சீக்கிரம் ஆற்றலை இழப்பவையும் அவையே. தினப்புள்ளிகளில் பிழை பெரிதாக இருந்தால் ஒரு வாரத்துப் புள்ளிகளைச் சேர்த்துச் சராசரி எடுத்துவிட்டு வகுங்கள்.