மாசாய் மாரா முதல் பயணம்: தடுப்பூசி முதல் நுழைவுச்சீட்டு வரை

கென்யாவின் மாசாய் மாரா வனவிலங்குக் காப்பகத்துக்குச் செல்லத் திட்டமிடுபவர்கள் விமானச்சீட்டுக்கு முன்பாக மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியைப் பற்றி யோசிக்க வேண்டும். ஊசி போட்டு 10 நாட்கள் கழிந்த பிறகே அதன் சான்றிதழ் செல்லுபடியாகும். அது இல்லாமல் கென்யாவிலிருந்து இந்தியா திரும்புபவர்களை 6 நாட்கள் வரை தனிமைப்படுத்த விதி இடம்தருகிறது. அரசு அங்கீகரித்த மையங்களில் மட்டுமே இந்த ஊசியைப் போட்டுக்கொள்ள வேண்டும். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட் அவற்றுள் ஒன்று. சான்றிதழாகத் தரப்படும் மஞ்சள் அட்டையில் பாஸ்போர்ட் எண், மருத்துவரின் கையொப்பம், முத்திரை ஆகிய மூன்றும் சரியாக இருக்கின்றனவா என்று அங்கேயே நின்று பார்த்துவிடுங்கள். மலேரியா மாத்திரை பற்றியும் மருத்துவரிடம் கேளுங்கள்.

அடுத்தது அனுமதி. 2024 ஜனவரி முதல் விசாவுக்குப் பதிலாக இணையவழிப் பயண அனுமதி நடைமுறையில் உள்ளது. கென்ய அரசின் தளத்திலேயே விண்ணப்பியுங்கள், இடைத்தரகர் தேவையில்லை.

இனி, பலரும் கவனிக்கத் தவறும் நுழைவுச்சீட்டு. வெளிநாட்டுப் பெரியவர் ஒருவருக்கு ஒரு நாள் கட்டணம் ஜனவரி முதல் ஜூன் வரை 100 டாலர், ஜூலை முதல் டிசம்பர் வரை 200 டாலர் என்று 2024-இல் உயர்த்தப்பட்டது. முன்பு 24 மணி நேரம் செல்லுபடியான சீட்டு, இப்போது காலை 6 முதல் மாலை 6 வரை மட்டுமே செல்லும். நைரோபியிலிருந்து நரோக் வழியாகச் சாலையில் வர ஐந்தாறு மணி நேரம் ஆகும் என்பதால், காலையில் கிளம்பினாலும் பிற்பகலில்தான் வாயிலை அடைவீர்கள். அப்போது உள்ளே நுழைந்தால் இரண்டு மூன்று மணி நேரத்துக்காக முழு நாள் கட்டணத்தைச் செலுத்த வேண்டியிருக்கும். ஆகவே முதல் இரவு செகெனானி அல்லது தலெக் வாயிலுக்கு வெளியே தங்கி, மறுநாள் வாயில் திறக்கும்போதே காலை உணவையும் மதிய உணவையும் கட்டிக்கொண்டு உள்ளே செல்வதையே நான் பரிந்துரைப்பேன். சிங்கமும் சிவிங்கிப்புலியும் வெயில் ஏறுவதற்கு முன்புதான் சுறுசுறுப்பாக இருக்கும். காப்பகத்துக்குள்ளேயே தங்குபவர்கள் கடைசி நாள் காலை 10 மணிக்குள் வெளியேறிவிட வேண்டும். தாமதமானால் அன்றைக்கும் முழுக் கட்டணம் உண்டு. பயண முகவரிடம் எந்த நாட்களுக்குக் கட்டணம் சேர்க்கப்பட்டுள்ளது என்பதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

வண்டி விஷயத்தில் என் கருத்து உறுதியானது: கூரை திறக்கும் லேண்ட் குரூசரையே எடுங்கள். மாராவின் பெரும்பகுதி கரிசல் மண். ஒரு மழை பெய்தால் சாதாரண வேன் சக்கரம் புதைந்து நின்றுவிடும். கேமராவுக்கு முக்காலி வேண்டாம், அதை விரிக்க வண்டிக்குள் இடமிருக்காது. ஜிப் வைத்த துணிப்பை ஒன்றை வெறுமையாகக் கொண்டுசென்று, நரோக் கடைகளில் ராஜ்மா வாங்கி நிரப்பிக் கூரை விளிம்பில் வைத்தால், கனமான லென்ஸும் அசையாமல் அமரும். பாலிதீன் பைகள் கென்யாவில் 2017 முதல் தடைசெய்யப்பட்டவை. துணிமணிகளையும் நொறுக்குத்தீனியையும் மஞ்சப்பையில் கட்டுங்கள்.

ஜூலை முதல் அக்டோபர் வரை தான்சானியாவின் செரெங்கெட்டி சமவெளியிலிருந்து வரும் வைல்டுபீஸ்ட் (மாட்டைப் போன்ற பெரிய மான் வகை) கூட்டங்கள் மாரா ஆற்றைக் கடக்கும். கரையில் முதல் விலங்கு முன்வந்து பின்வாங்கி, மீண்டும் முன்வந்து, மணிக்கணக்கில் தயங்கி நிற்கும். அவை இறங்கும் வழியில் வண்டிகள் வரிசைகட்டினால் கூட்டம் முழுவதும் திரும்பிவிடும். ஆகவே படத்துக்காக ஓட்டுநரைக் கரைக்கு நெருக்கச் சொல்லாதீர்கள். தடத்தை விட்டு விலகச் சொல்லவும் கூடாது. பொறுமையாகக் காத்திருக்கும் ஓட்டுநருக்குத் தாராளமாக அன்பளிப்புக் கொடுங்கள்.

பின்சேர்க்கை: சாலைவழி வேண்டாம், சிறு விமானத்தில் செல்லலாமா என்று சிலர் கேட்டிருந்தார்கள். தாராளமாகச் செல்லலாம். ஆனால் சர்வதேச விமானங்கள் இறங்குவது ஜோமோ கென்யாட்டா நிலையத்தில்; மாராவுக்கான சிறு விமானங்கள் பெரும்பாலும் நகரின் வேறொரு பகுதியிலுள்ள வில்சன் நிலையத்திலிருந்து கிளம்புகின்றன. நைரோபி நெரிசலை எண்ணி, இரண்டுக்கும் இடையே போதிய நேரம் விடுங்கள். கைப்பை உட்பட 15 கிலோ என்பதே வழக்கமான வரம்பு. சக்கரம் வைத்த கெட்டியான சூட்கேஸை ஏற்க மறுப்பார்கள் என்பதால், அமுக்கினால் மடங்கும் துணிப்பெட்டியை எடுத்துச்செல்லுங்கள்.