குவார்ட்டர்பேக்குக்கு ஏற்ற ஆட்டமுறையை அமைப்பது எப்படி?

அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தில், பயிற்சியாளர் தம் தாக்குதல் முறைக்கு ஏற்றபடி, பந்தை வீசித் தாக்குதலை நடத்தும் வீரரான குவார்ட்டர்பேக்கை மாற்ற முயல வேண்டுமா, அல்லது அவருடைய திறமைக்கு ஏற்றபடி தாக்குதல் முறையை மாற்ற வேண்டுமா என்பது ஓயாத விவாதம். மாற வேண்டியது ஆட்டமுறைதான் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஒரு மாணவர் பொதுவாக நான்கு பருவங்களே ஆட முடியும். பருவத்தின்போது வாரத்துக்கு 20 மணி நேரத்துக்கு மேல் பயிற்சி தர, கல்லூரி விளையாட்டுகளை நிர்வகிக்கும் என்சிஏஏ அமைப்பின் விதிகள் இடம் தருவதில்லை. அந்த நேரத்துக்குள் இல்லாத திறமையை உருவாக்குவது அரிது. இருக்கும் திறமைக்கு வேலை கொடுப்பது முடியும். எதை மாற்றுவது, எதைத் தொடாமல் விடுவது என்பதில்தான் பலரும் தவறுகிறார்கள்.

முதலில் அவரால் எது முடியும் என்பதை ஆட்டப் பதிவுகளில் பாருங்கள். கல்லூரி மைதானத்தில், பந்து வைக்கப்படும் இடத்துக்கு இருபுற வரம்பான ஹேஷ் கோடுகள் ஒன்றுக்கொன்று 40 அடி தள்ளி இருக்கின்றன. தொழில்முறை லீக்கான என்எஃப்எல் மைதானத்தில் அந்த இடைவெளி பதினெட்டரை அடிதான். ஆகவே கல்லூரியில் ஒரு ஹேஷ் கோட்டிலிருந்து எதிர்ப்பக்க எல்லைக்கோடு 100 அடி தொலைவில் இருக்கிறது. வீசிய பந்தைப் பிடிக்கும் ரிசீவர் அந்த எல்லையோரம் திரும்பும் கணத்தில் பந்து அவர் கையில் இருக்கிறதா, அல்லது எதிரணித் தடுப்பாளர் குறுக்கே புக நேரம் கிடைக்கும் அளவுக்கு மிதந்து வருகிறதா என்று கவனியுங்கள். மிதந்து வந்தால் அந்த வீச்சைத் திட்டத்திலிருந்து எடுத்துவிட்டு, மைதானத்தின் நடுவிலும் அருகுப் பக்கத்திலும் வீச்சுகளை அமையுங்கள். அடுத்ததாக அவருடைய முடிவெடுக்கும் வேகத்தைப் பாருங்கள். எதிராளியின் அசைவைப் பார்த்து முடிவெடுக்கும் ஆட்டமான ரீட் ஆப்ஷனில், ஓரத்தில் நிற்கும் ஓர் எதிரணித் தடுப்பாளரை வேண்டுமென்றே தடுக்காமல் விடுகிறார்கள். அவர் உள்ளே பாய்ந்தால் குவார்ட்டர்பேக் பந்தைத் தானே வைத்துக்கொண்டு ஓட வேண்டும், நின்றால் பந்தை ஏந்தி ஓடும் ரன்னிங் பேக்கிடம் கொடுக்க வேண்டும். ஒருவர் எவ்வளவு விரைவாக ஓடினாலும், இந்த முடிவைத் தயங்காமல் எடுக்கத் தெரியாவிட்டால் இந்த முறை அவருக்கு உரியதன்று.

இனி, மாற்றத்தின் எல்லை. குவார்ட்டர்பேக் ஒருவருக்காக, முன்வரிசையில் நின்று எதிராளிகளைத் தடுக்கும் லைன்மேன்களின் தடுப்பு விதிகளையும், ஆட்டங்களை (திட்டமிட்ட ஒவ்வொரு நகர்வையும்) அழைக்கும் பெயர்களையும் கலைத்துவிட்டால், மற்ற பத்துப் பேரும் முதலிலிருந்து கற்க வேண்டியிருக்கும். அடித்தளத்தை அப்படியே வைத்துக்கொண்டு, அதன் மேல் எந்த ஆட்டத்தை எத்தனை முறை அழைப்பது என்பதை மட்டும் மாற்றுங்கள். இதற்கு 2014-ஆம் ஆண்டின் ஒஹாயோ ஸ்டேட் அணியைவிடச் சிறந்த சான்று எனக்குத் தெரியவில்லை. பருவம் தொடங்கும் முன்பே முதல் குவார்ட்டர்பேக் பிராக்ஸ்டன் மில்லர் தோள் காயத்தால் விலகினார். அவரிடத்தில் ஆடிய ஜே.டி. பாரெட்டுக்கு மிச்சிகனுக்கு எதிரான ஆட்டத்தில் கணுக்கால் முறிந்தது. மூன்றாமவரான கார்டேல் ஜோன்ஸ் அதுவரை ஒரு கல்லூரி ஆட்டத்தைக்கூடத் தொடங்கியதில்லை. பாரெட்டைப் போல் நெளிந்து ஓடக்கூடியவர் அல்லர் ஜோன்ஸ்; ஆனால் பேருடலும், மைதானத்தின் நெடுந்தூரத்துக்கு வீசும் கையும் அவருக்கு இருந்தன. தலைமைப் பயிற்சியாளர் அர்பன் மேயரும் தாக்குதல் பயிற்சியாளர் டாம் ஹெர்மனும் ரன்னிங் பேக் எசேக்கியேல் எலியட்டின் ஓட்டத்தை மையமாக அப்படியே விட்டுவிட்டு, ரிசீவர் டெவின் ஸ்மித்தை நோக்கிய நெடுந்தூர வீச்சுகளைக் கூட்டினார்கள். விஸ்கான்சின் மீது 59-0 என்ற வெற்றியில் ஜோன்ஸின் மூன்று டச் டவுன் (எதிரணியின் கடைக்கோட்டைத் தாண்டிப் புள்ளி பெறும்) வீச்சுகளும் ஸ்மித்துக்கே போயின. பின்னர் அலபாமாவையும் ஆரிகனையும் வென்று அவர்கள் தேசிய வாகையரானார்கள்.

மாறாகச் செய்தால் என்ன ஆகும் என்பதை மிச்சிகன் காட்டுகிறது. 2008-இல் பயிற்சியாளராகப் பொறுப்பேற்ற ரிச் ரோட்ரிகெஸ், வீரர்களைப் பரப்பி நிறுத்தி, ஓடும் குவார்ட்டர்பேக்கை நம்பிய தம் ஸ்ப்ரெட் முறையை, அதற்குப் பொருந்தாத ஆட்களைக் கொண்டே ஆடினார். அணி 3 வெற்றி, 9 தோல்வியுடன் முடித்தது. அந்த முறைக்கே பொருந்திய குவார்ட்டர்பேக் டெனார்ட் ராபின்சன் 2010-இல் 1,702 யார்டுகள் ஓடினார். அடுத்த பயிற்சியாளராக வந்த பிரேடி ஹோக் வேறு பாணியை விரும்பியவர் என்றாலும், ராபின்சனின் கால்களைத் தொடர்ந்து பயன்படுத்தினார். அந்த 2011 பருவத்தில் அணி 11 ஆட்டங்களை வென்றது.

நேவி (கடற்படைக் கல்லூரி) போன்ற ராணுவக் கல்வி நிலையங்களை இதற்கு விலக்கு என்பார்கள். அங்கே, பந்தை யார் ஏந்தி ஓடுவது என்பதற்கு மூன்று வழிகளை வைத்திருக்கும் டிரிபிள் ஆப்ஷன் முறை முதலில் நிற்கிறது, ஆட்கள் பிறகே வருகிறார்கள். ஆனால் நேவியின் முன்னாள் குவார்ட்டர்பேக் கீனன் ரெனால்ட்ஸ் போன்றவர்களை அந்த முறைக்கென்றே தேர்ந்தெடுத்துச் சேர்க்கிறார்கள். பொருத்தம் பார்க்கும் வேலை அங்கே சேர்க்கையின்போதே முடிந்துவிடுகிறது. அப்படித் தேர்ந்து எடுக்கும் வாய்ப்பு இல்லாத அணி அவர்களைப் பின்பற்ற முடியாது.

பெரிய மாற்றங்களை வசந்தகாலப் பயிற்சியில் செய்யுங்கள்; அதற்கு 15 பயிற்சி நாட்கள் கிடைக்கும். எல்எஸ்யூ (லூசியானா மாநிலப் பல்கலைக்கழக) அணிக்கு 2018 கோடைக்குச் சற்று முன் மாறிவந்த குவார்ட்டர்பேக் ஜோ பரோவுக்கு அந்த ஆண்டு அது வாய்க்கவில்லை. அவருடைய வீச்சுகளில் 57.8 விழுக்காடுதான் சக வீரர்களின் கையில் சேர்ந்தன. பயிற்சியாளர் ஜோ பிரேடி வந்த பிறகு, ஐந்து ரிசீவர்களையும் பரப்பி நிறுத்தி, ஸ்னாப்புக்கு (பந்து ஆட்டத்துக்கு வரும் கணத்துக்கு) முன்பே எதிரணியின் தடுப்பைப் படித்துவிடும் பரோவின் அறிவுக்கு இடம் கொடுத்தார்கள். 2019-இல் அது 76.3 விழுக்காடானது. பருவத்தின் நடுவே எதையும் சேர்க்காதீர்கள், குறையுங்கள். ஒவ்வொரு வாரமும் ஆட்டத்துக்கு முன், மூன்றாவது டவுனுக்கு (பத்து யார்டு முன்னேறக் கிடைக்கும் நான்கு முயற்சிகளில் மூன்றாவதற்கு) உரிய ஆட்டங்களின் பட்டியலைக் குவார்ட்டர்பேக்கிடமே கொடுத்து, அவருக்கு நம்பிக்கை இல்லாதவற்றைக் கோடிட்டு அடிக்கச் சொல்லுங்கள். அவர் அடித்ததை, உங்களுக்கு எவ்வளவு பிடித்த ஆட்டமானாலும், சனிக்கிழமைப் போட்டியில் அழைக்காதீர்கள்.