ரயில்வே மதிலும் ஓர் எருக்கஞ்செடியும்: தெருவோரச் சிற்றுயிர்களை மேக்ரோ படமெடுப்பது எப்படி?

பூச்சிப் படம் என்றதும் வால்பாறைக்கும் கொல்லிமலைக்கும் பஸ் ஏறுகிறார்கள். வடசென்னையில் வியாசர்பாடி, கொருக்குப்பேட்டைப் பக்கம் ரயில்வே மதிலை ஒட்டிய ஏதாவது ஒரு தெருவுக்குப் போங்கள். இடித்த வீட்டின் செங்கல், மண், உடைந்த டாய்லெட் கோப்பை எல்லாம் கொட்டிக் கிடக்கும். நடுவில் ஓர் எருக்கஞ்செடி நிற்கும். ஒரு காலைப்பொழுதுக்கு அது தாராளம்.

மாசி பாதியிலிருந்து பங்குனி தொடக்கம் வரை இதற்கு நல்ல காலம். செடிகள் இன்னும் காய்ந்துபோகவில்லை, புங்கை மரங்கள் இலை கொட்டித் தளிர் விடுகின்றன, காலை வெயில் முதுகைச் சுடுவதில்லை. நம் ஊருக்கு வசந்தம் என்று ஒன்று இருந்தால் அது இவ்வளவுதான்.

கேமராவில் மேனுவல் மோடு எங்கே இருக்கிறது என்பது தெரியும் என்று வைத்துக்கொண்டு நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

1. கிட் லென்ஸைத் திருப்பிப் போடுங்கள்

மேக்ரோ லென்ஸ் வாங்கப் பணம் சேர்க்க வேண்டாம், கேமராவோடு வந்த கிட் லென்ஸே போதும். அதைத் தலைகீழாக மாட்ட உதவும் வளையம், ரிவர்ஸ் ரிங், சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. வாங்கும் முன் லென்ஸின் முன்வளையத்தைப் பாருங்கள். 52, 55, 58 என்று ஏதோ ஓர் எண் இருக்கும். அதே அளவில் வாங்குங்கள்.

18-55 லென்ஸைத் தலைகீழாக மாட்டினால் 55-இல் பெருக்கம் குறைவு, 18-இல் மூன்று மடங்குக்கும் மேல். முதலில் 55 பக்கமே இருங்கள். 18-க்குப் போனால் பூச்சிக்கும் லென்ஸுக்கும் இடையே ஐந்து சென்டிமீட்டர்தான் மிஞ்சும். அந்தத் தூரத்தில் சிலந்தியும் பயப்படும், நீங்களும் பயப்படுவீர்கள்.

திருப்பி மாட்டிய லென்ஸோடு கேமரா பேசாது; வெளிச்சம் நுழையும் துளையை (அபெர்ச்சர்) நாமே முன்கூட்டி நிறுத்திவைக்க வேண்டும். கேனன் என்றால், லென்ஸை ஒழுங்காக மாட்டி எஃப் 8 வைத்து, டெப்த் ஆஃப் ஃபீல்ட் பிரிவ்யூ பட்டனை அழுத்தியபடியே லென்ஸைக் கழற்றுங்கள். துளை அந்த அளவிலேயே நின்றுவிடும். நிக்கானில் லென்ஸின் பின்பக்கம் ஒரு சின்ன நெம்பு இருக்கும்; மடித்த காகிதத் துண்டைச் செருகித் தேவையான அளவில் நிறுத்தலாம். கூர்மை கூடும் என்று எஃப் 16, 22 என்று போகாதீர்கள். மூன்று மடங்குப் பெருக்கத்தில் எஃப் 8-ஏ ஏறக்குறைய எஃப் 32 மாதிரி நடந்துகொள்ளும், படம் கொழகொழவென்று ஆகிவிடும்.

2. வெளிச்சம். இங்கேதான் எல்லாரும் மாட்டிக்கொள்கிறோம்

இவ்வளவு நெருக்கத்தில் வெயில் மட்டும் போதாது, ஃப்ளாஷ் வேண்டும். கேமராவே ஃப்ளாஷின் அளவை முடிவு செய்யும் டிடிஎல் எல்லாம் தேவையில்லை. பவரைக் கையால் மாற்ற முடிகிற மலிவான ஃப்ளாஷே என் தேர்வு. ஆனால் வெறும் ஃப்ளாஷில் ஒரு பொறிவண்டை எடுத்துப் பாருங்கள். சிவப்பு ஓட்டின் நடுவில் வெள்ளையாக ஓட்டை விழுந்தாற்போல் ஒரு புள்ளி, சுற்றிலும் கறுப்பு. லென்ஸை மாற்றினாலும் இது தீராது. வெளிச்சம் வரும் பரப்பு சின்னதாக இருப்பதுதான் காரணம்.

வெளிச்சத்தை மென்மையாக்கும் டிஃப்யூசர் என்று ஃப்ளாஷ் முகத்தில் டிஷ்யூ பேப்பரை ஒட்டுவார்கள். பயனில்லை. பேப்பர் ஒட்டினாலும் பரப்பு அதே தீப்பெட்டி அளவுதான். வெளிச்சம் குறைந்ததே மிச்சம். ஃப்ளாஷுக்கும் பேப்பருக்கும் நடுவே இடைவெளி வேண்டும், அந்த இடைவெளியில் வெளிச்சம் விரிந்து பேப்பர் முழுக்க நிரம்ப வேண்டும்.

பெரிய சிப்ஸ் பாக்கெட் ஒன்றை அறுத்து விரியுங்கள். வெள்ளிப் பக்கம் உள்ளே இருக்கும்படி ஃப்ளாஷ் தலையைச் சுற்றிக் கூம்பாக ஒட்டுங்கள். கூம்பின் வாய் உள்ளங்கையை விடப் பெரிதாக இருக்கட்டும். அதை டிரேசிங் பேப்பரால் மூடுங்கள். கூம்புக்குள் பாதி வழியில், நடுவில் மட்டும், இன்னொரு சின்னத் துண்டு டிரேசிங் பேப்பர். ஃப்ளாஷின் நேர்ப்பாய்ச்சல் நடுவில்தான் விழும், அதை உடைக்கத்தான் இது. கூம்பு லென்ஸின் நுனிவரை நீண்டு, லேசாகக் கீழே குனிந்து பார்க்க வேண்டும். பாக்கெட்டின் உப்பை நன்றாகத் துடையுங்கள். இல்லாவிட்டால் எறும்பைத் தேடிப் போகவே வேண்டாம், அது உங்கள் கேமரா பைக்கு வந்துவிடும்.

சரியாக வந்ததா என்று பார்க்கப் பூச்சியைத் தேட வேண்டாம். அடுப்படியிலிருந்து ஒரு புளியங்கொட்டை எடுங்கள். வண்டின் ஓடு போலவே கரும்பழுப்பு, பளபளப்பு, வளைவு. அதைப் படமெடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள். பளபளப்பு ஒரு கூர்மையான புள்ளியாகத் தெரிந்தால் பேப்பரை இன்னும் தள்ளி வையுங்கள். விளிம்பு கரைந்த அகலமான வெள்ளைத் திட்டாகத் தெரிந்து, அதற்குள்ளும் கொட்டையின் பழுப்பு கொஞ்சம் தெரிந்தால் வேலை முடிந்தது. இந்தச் சோதனை தேறாமல் தெருவுக்குப் போகாதீர்கள்.

தொடக்கத்துக்கு ஷட்டர் 1/200, ஐஎஸ்ஓ 200, ஃப்ளாஷ் 1/16 பவர். பவர் குறைவாக இருந்தால் மின்னல் ஆயிரத்தில் ஒரு பங்கு நொடிக்கும் குறைவாக முடிந்துவிடும். கை ஆட்டம், காற்று இரண்டையும் அதுவே நிறுத்திவிடும். டிரைபாட் வீட்டிலேயே இருக்கட்டும்.

3. எங்கே பார்ப்பது

விடிந்ததும் போங்கள், எட்டரைக்கு மேல் எல்லாம் துள்ள ஆரம்பித்துவிடும். எருக்கிலையைப் புரட்டினால் மஞ்சள் அசுவினிக் கூட்டம். அதைத் தின்ன வரும் பொறிவண்டு. பக்கத்தில் கறுப்பாக, நீளமாக, ஆறு காலோடு ஒன்று ஊர்ந்தால் அது பொறிவண்டின் புழு. நிறையப் பேர் வேறு ஏதோ என்று விட்டுவிடுகிறார்கள். கறுப்பு, வெள்ளை, மஞ்சள் பட்டை போட்ட புழு வெந்தய வரியன் பட்டாம்பூச்சியினுடையது. எருக்கு வெட்டுக்கிளி இருந்தால் யோகம். அதன் குஞ்சைச் சீண்டாதீர்கள், முதுகிலிருந்து திரவம் பீய்ச்சும்.

மதிலிலும் பாருங்கள். கிழிந்த சுவரொட்டியின் ஓரங்களில் சாம்பல் நிறக் குதிக்கும் சிலந்தி ஒளிந்திருக்கும். எனக்குப் பிடித்த இடம் இதுதான். செடியில் எடுத்தால் ஃப்ளாஷ் வெளிச்சம் பின்னால் எட்டாமல் பின்னணி இருண்டுவிடும்; எந்த ஊர் என்றே தெரியாது. சுவரில் எடுத்தால் உரிந்த சுண்ணாம்பும் போஸ்டர் எழுத்தின் சிவப்பும் படத்துக்குள் வந்துவிடும்.

தெருப் பக்கமாகவே நில்லுங்கள். மதிலைத் தாண்டித் தண்டவாளப் பக்கம் இறங்குவது சட்டப்படி குற்றம், ஆபத்தும்கூட.

4. எடுக்கும் விதம்

ஃபோகஸ் வளையத்தை மறந்துவிடுங்கள். இடது கையால் இலைக்காம்பைப் பிடித்து, அந்தக் கையின் மேலேயே லென்ஸை வையுங்கள். இலை ஆடினால் லென்ஸும் சேர்ந்து ஆடும், தூரம் மாறாது. சுவர் என்றால் முஷ்டியைச் சுவரில் ஊன்றி அதன்மேல் லென்ஸ். பிறகு உடம்பை மயிரிழை முன்னும் பின்னும் நகர்த்தி, கண் கூர்மையாகும் கணத்தில் அழுத்துங்கள். குதிக்கும் சிலந்தியைத் துரத்தாதீர்கள். அதன் மட்டத்துக்குத் தாழ்ந்து காத்திருந்தால் அதுவே திரும்பி லென்ஸைப் பார்க்கும்.

தெருவில் குப்பை மேட்டருகே குத்துக்காலிட்டு உட்கார்ந்தால், "என்ன சார், கார்ப்பரேஷனா? கொசு மருந்தா?" என்று கேட்பார்கள். திரையைத் திருப்பிக் காட்டுங்கள். அடுத்த நிமிடம் தெருப் பிள்ளைகள் நீங்கள் கேட்காமலே பூச்சி தேட ஆரம்பித்துவிடுவார்கள். நிஜமாகவே கொசுப்புகை அடித்திருந்தால் அன்றைக்கு வேறு தெரு பாருங்கள்.

பிற்சேர்க்கை

எருக்கம்பால் பற்றி முதலில் எழுதாமல் விட்டதை ஒரு வாசகர் சுட்டிக்காட்டினார், நன்றி. காம்பு உடைந்தால் வரும் பால் கண்ணில் பட்டால் கருவிழி புண்ணாகும். கையில் பட்டுவிட்டால் வ்யூஃபைண்டரில் கண் வைக்கும் முன் கழுவுங்கள். தண்ணீர் பாட்டில் கட்டாயம்.

போனில் முடியுமா என்று பலர் கேட்டார்கள். முடியும். ஆனால் போனில் 'மேக்ரோ' என்று தனியாக வரும் 2 மெகாபிக்சல் கேமராவைத் தொடவே தொடாதீர்கள். கிளிப் லென்ஸை மெயின் கேமராவில் மாட்டி, நண்பரின் போன் டார்ச்சை அதே டிரேசிங் பேப்பருக்குப் பின்னால் தள்ளிப் பிடிக்கச் சொல்லுங்கள். அசையாத உயிர்களுக்குச் சரிவரும்: அசுவினி, கூட்டுப்புழு, சுருண்டு கிடக்கும் மரவட்டை.

தலைகீழாக மாட்டியபின் லென்ஸின் பின்கண்ணாடி தூசிக்கு நேராக நிற்கும். மலிவான பின்மூடி ஒன்று வாங்கி நடுவில் வட்டமாக அறுத்து மாட்டிக்கொள்ளுங்கள். லென்ஸ் மாற்றுவதை மட்டும் வீட்டிலேயே முடித்துவிடுங்கள். அந்தத் தெருவின் செங்கல் பொடி சென்சாரில் இறங்கினால் சர்வீஸ் செலவு ரிவர்ஸ் ரிங் விலையைப் போலப் பல மடங்கு.