பிக்கப்புக்கு டிபிஎம்எஸ் மாட்டப் போகிறீர்களா? முதலில் வால்வைப் பாருங்கள்

உடன்குடிக்குப் பக்கத்தில் எங்கள் குடும்பத்துக்கு ஒரு பனந்தோப்பு இருக்கிறது. தார் ரோடு முடிந்த பிறகு ஒன்றரைக் கிலோமீட்டர் தேரி மணல். 35 பிஎஸ்ஐ காற்றோடு அந்தச் செம்மணலில் இறங்கினால் நூறடி போவதற்குள் வண்டி புதைந்து நிற்கும். 18-க்கு இறக்கிவிட்டால் டயர் நன்றாகப் பரந்து, திணறாமல் போய்ச் சேரும். திரும்பி வந்ததும் மறுபடி 35 ஏற்ற வேண்டும். மாதத்துக்கு இரண்டு தடவை இந்த வேலை. அதற்காகத்தான் என் இசுசு வி-கிராஸ் பிக்கப்புக்குத் தனியாக டயர் காற்றழுத்தம் காட்டும் டிபிஎம்எஸ் வாங்கி மாட்டினேன்: சக்கரத்துக்கு ஒரு சென்சார், அது அனுப்பும் எண்ணைக் காட்ட டேஷ்போர்டில் ஒரு திரை. என்னுடையது பழைய வண்டி, அதில் கம்பெனி டிபிஎம்எஸ் கிடையாது.

மாட்டுவது பார்க்க எளிது. வால்வு மூடியைக் கழற்றிவிட்டு அதே இடத்தில் சென்சாரைத் திருகினால் போதும், பத்து நிமிட வேலை. அந்தப் பத்து நிமிடத்தில் செய்த தவறுகளைக் கண்டுபிடித்துச் சரிசெய்ய எனக்கு ஒரு வருடம் ஆனது. நண்பர்களின் மஹிந்திரா தார், டொயோட்டா ஹைலக்ஸ் வண்டிகளிலும் இதே தவறுகளைப் பார்த்துவிட்டேன். டவுனுக்குள் ஓடும் காருக்குச் சரியாக வருவதை மணலிலும் கல்லிலும் இறங்கும் வண்டிக்கு அப்படியே செய்வதால் வருபவை இவை. பாதித் தவறு வால்விலும், மீதி அலாரத்துக்கு வைக்கும் எண்ணிலும் நடக்கிறது.

ரப்பர் வால்வின் மேல் சென்சார்

இப்படி வெளியே திருகும் சென்சார் (டயருக்குள்ளே வைக்கும் வகையும் உண்டு) ஒன்று சுமார் 10 கிராம் இருக்கும். கையில் வைத்தால் எடையே தெரியாது. ஆனால் 18 இஞ்ச் ரிம்மில் வண்டி 100 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது வால்வு இருக்கும் இடத்தில் வெளிநோக்கி இழுக்கும் விசை புவியீர்ப்பைப் போல நூறு மடங்குக்கு மேல் வரும். அதாவது அந்தப் 10 கிராம் சென்சார் ஒரு கிலோ எடை தொங்குவது போல வால்வை இழுத்துக்கொண்டே இருக்கும். சக்கரம் நின்றால் விடும், ஓடினால் இழுக்கும். சாதாரண ரப்பர் வால்வு இதற்காகச் செய்யப்பட்டதே இல்லை. சில மாதத்தில் ரிம்மை ஒட்டிய அடிப்பகுதியில் மயிரிழை போல வெடிப்பு விடும். அந்த வெடிப்பு வால்வை விரலால் சாய்த்துப் பார்த்தால்தான் கண்ணில் படும்.

என் வால்வு அதுவரைகூடத் தாங்கவில்லை. ஒரு சித்திரை மாதம், தோப்புப் பாதையில் விழுந்து கிடந்த பனைமட்டை ஒன்றின் மேல் முன் சக்கரம் ஏறியது. மட்டை எகிறி, பின் சக்கரத்தின் வால்வில் அதன் கருக்கு மாட்டிக்கொண்டது. இறங்கிப் பார்ப்பதற்குள் டயர் தரையோடு ஒட்டிவிட்டது. சென்சார் மட்டும் தெறித்திருந்தால் பரவாயில்லை, உள்ளே இருக்கும் வால்வு ஊசி மூடிக்கொண்டு காற்றைக் காப்பாற்றியிருக்கும். ஆனால் நீளமான ரப்பர் வால்வுக்கு மேல் இன்னும் ஒரு விரல்கணு நீளம் சென்சார் துருத்திக்கொண்டு இருந்ததால் அது நெம்புகோல் போல வேலை செய்து வால்வையே வேரோடு கிழித்துவிட்டது. கொதிக்கும் மணலில் ஜாக்கிக்கு அடியில் பலகை வைத்து ஸ்டெப்னி மாற்ற ஒன்றரை மணி நேரம் ஆயிற்று.

அதனால் வெளிச் சென்சார்தான் வேண்டும் என்றால் முதலில் நான்கு வால்வையும் குட்டையான மெட்டல் வால்வாக மாற்றுங்கள், ரிம்மில் நட்டு போட்டு இறுக்கும் வகை. மாட்டிய பிறகு ரிம்மின் குறுக்கே ஒரு நேரான கட்டையை வைத்துப் பாருங்கள். சென்சார் கட்டையைத் தொடாமல் உள்ளே அடங்கியிருக்க வேண்டும். தொட்டால் அது கல்லிலும் தொடும், முள்வேலியிலும் தொடும்.

மெட்டல் வால்வு வாங்கும்போது அது பித்தளையா அலுமினியமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். பெரும்பாலான சென்சார்களின் மரை பித்தளை. அலுமினிய வால்வில் பித்தளையைத் திருகிவிட்டு உப்புக்காற்றில் ஓட்டினால் இரண்டு உலோகமும் அரித்து ஒன்றோடொன்று பிடித்துக்கொள்ளும். திருச்செந்தூர் பக்கம் ஓடும் வண்டியில் ஆறு மாதம் கழற்றாமல் விட்ட சென்சாரைக் குறடு போட்டுத் திருகியபோது வால்வும் சேர்ந்தே முறிந்ததைப் பார்த்திருக்கிறேன். அலுமினிய வால்வுதான் கிடைத்தது என்றால் உள்ளே நிக்கல் பூச்சுள்ள ஊசி போடச் சொல்லுங்கள், சென்சாரையும் மாதம் ஒருமுறையாவது கழற்றி மாட்டுங்கள்.

காற்றைக் காக்க வந்ததே காற்றை விட்டால்

இரண்டாவது செட் மாட்டியபோது இடது முன் டயரில் தினமும் ஒன்றரை, இரண்டு பிஎஸ்ஐ குறைந்துகொண்டே வந்தது. பஞ்சர் என்று நினைத்து, உடன்குடியில் ஒரு பஞ்சர் கடைக்கு எடுத்துப் போனேன். டயரைத் தண்ணீர்த் தொட்டியில் வைத்து உருட்டினார்கள், ஒரு குமிழி இல்லை. பெரியவர் ஒருவர் சோப்புத் தண்ணீர் டப்பாவை எடுத்துவந்து, பிரஷ்ஷால் வால்வைச் சுற்றித் தடவிவிட்டு, குனிந்து பார்த்தபடி ஒரு நிமிடம் பேசாமல் இருந்தார். சென்சாரின் கழுத்தில் கடுகளவு நுரை ஒன்று மெல்லப் பெருத்து வெடித்தது. கொஞ்ச நேரத்தில் அதே இடத்தில் இன்னொன்று.

“தம்பி, டயரு நல்லாத்தான் இருக்கு. நீங்க மாட்டிருக்கிய பாருங்க, இந்த மூடிதான் காத்த விடுது.”

காரணம் எளிது. சாதாரண மூடி தூசியைத் தடுக்க மட்டும்தான், காற்றை அடைத்து வைப்பது உள்ளே இருக்கும் ஊசி. வெளிச் சென்சார் அழுத்தத்தை அளக்க வேண்டுமானால் அந்த ஊசியை அமுக்கித் திறந்தே வைத்திருக்க வேண்டும். அப்போது டயரின் காற்றைப் பிடித்து நிறுத்துவது சென்சாருக்குள் இருக்கும் ஒரு சின்ன ரப்பர் வளையம் மட்டும்தான். அதில் ஒரு மணல் துகள் சிக்கினாலும் கசியும். தேரியில் காற்று இறக்குவதற்காக நான் நான்கு சென்சாரையும் கழற்றி மணலில் வைத்துவிட்டு, அப்படியே எடுத்து மாட்டியிருந்தேன். இப்போது கழற்றியவுடன் ஒரு மூடியுள்ள டப்பாவுக்குள் போடுகிறேன், மாட்டும் முன் துணியால் துடைக்கிறேன், மாட்டிய பின் சோப்புத் தண்ணீர் தடவிப் பார்க்காமல் கிளம்புவதில்லை. எந்தச் சக்கரத்துக்கு எந்தச் சென்சார் என்று பெயிண்டால் எண் எழுதி வைப்பதும் அவசியம். மாறிப் போனால் திரையில் இடது பக்கம் அலறும், நீங்கள் நல்ல டயரைச் சோதித்துக்கொண்டிருப்பீர்கள்.

அடிக்கடி காற்று இறக்கி ஏற்றுகிறவர்களுக்கு டயருக்குள்ளே வைக்கும் சென்சார்தான் நல்லது என்பது என் முடிவு. கழற்ற வேண்டியதில்லை, வெளியே துருத்தாது, வால்வில் நேராகக் காற்று பிடிக்கலாம். டியூப் போட்ட டயர் என்றால் மட்டும் அது ஆகாது, வெளிச் சென்சாரைத் தவிர வழியில்லை.

உள் சென்சாரை யார் கையில் கொடுக்கிறீர்கள்

டயர் கடையில் வண்டியை விட்டதும் சொல்ல வேண்டிய முதல் வார்த்தை, உள்ளே சென்சார் இருக்கிறது என்பது. தெரியாமல் வால்வுக்குப் பக்கத்தில் லீவரைப் போட்டு நெம்பினால் பிளாஸ்டிக் உடல் இரண்டாகிவிடும். வேலை முடியும்வரை பக்கத்தில் நில்லுங்கள். வால்வு நட்டை ஸ்பேனரை வைத்து மூச்சுப் பிடித்து இறுக்க விடாதீர்கள். பெரும்பாலான சென்சார்களுக்கு 4 முதல் 8 நியூட்டன் மீட்டர்தான் கணக்கு, சரியான எண் பெட்டிக்குள் இருக்கும் தாளில் இருக்கும். அதிகம் போனால் ரப்பர் வாஷர் நசுங்கி அங்கேயே கசியத் தொடங்கும். வீல் பேலன்சிங் கட்டாயம்.

பஞ்சருக்காக டயருக்குள் ஊற்றும் ஜெல் நம் ஊரில் எல்லா இடத்திலும் விற்கிறது. முள்ளுக்காட்டில் ஓட்டுகிறவர்களுக்கு அதன் மேல் ஒரு ஆசை உண்டு. சென்சாரில் காற்று நுழையும் துளை குண்டூசி முனை அளவுதான். ஜெல் அதில் ஏறி உறைந்துவிட்டால் அடைபட்ட நாளில் இருந்த அழுத்தத்தையே திரை காட்டிக்கொண்டிருக்கலாம். டயர் காலியாகும்போதும் 34 என்று காட்டும் கருவி, இல்லாததைவிட ஆபத்து. ஜெல்லா சென்சாரா என்று ஒன்றை முடிவு செய்யுங்கள்.

டயர் விளிம்பை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும் பீட்லாக் ரிம் இல்லாமல் 15-க்குக் கீழே காற்றை இறக்குவதையும் யோசித்துச் செய்யுங்கள். திருப்பத்தில் டயர் ரிம்மைவிட்டு நழுவினால் அதன் விளிம்பு உள் சென்சார் மேல்தான் ஏறும்.

அலாரத்துக்கு எந்த எண்

டயரின் பக்கவாட்டில் அச்சிட்டிருக்கும் அதிகபட்ச அழுத்தத்தைப் பார்த்து அதையே சரியான அளவு என்று வைத்துக்கொள்வது நான் அதிகம் பார்க்கும் தவறு. அது டயர் தாங்கும் எல்லை. உங்கள் வண்டிக்கான அளவு டிரைவர் கதவைத் திறந்தால் ஓரத்தில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் இருக்கிறது. பிக்கப்பில் சுமை இல்லாதபோது ஓர் எண், சுமையோடு ஓர் எண் என்று தனித்தனியாக இருக்கும். கருப்பட்டி மூட்டை ஏற்றிய நாளில் பின் டயருக்கு வேறு அளவு. எல்டி (இலகு ரக டிரக்) வகை டயருக்கு மாறியிருந்தால் அதே எடையைத் தாங்க இன்னும் கூடுதல் காற்று வேண்டும், ஸ்டிக்கரில் இருப்பது பழைய டயரின் கணக்கு.

இரண்டாயிரமாவது ஆண்டில் அமெரிக்காவில் ஃபோர்டு எக்ஸ்ப்ளோரர் வண்டிகளில் ஃபயர்ஸ்டோன் டயர்கள் பிய்ந்து, வண்டி உருண்டு பலர் இறந்தார்கள். அதன் பிறகு வந்த சட்டத்தால் அங்கே 2007 செப்டம்பர் முதல் எல்லாப் புதிய கார்களிலும் இலகு ரக டிரக்குகளிலும் டிபிஎம்எஸ் கட்டாயம். பரிந்துரைத்த அளவில் கால் பங்கு குறைந்தால் எச்சரிக்க வேண்டும் என்பது அந்த விதி. 35-க்கு அது 26. தார் ரோட்டுக்கு நல்ல கணக்கு. மணலில் 18-க்கு இறக்கினாலோ அது ஓயாமல் கத்தும். கத்தலைத் தாங்காமல் எல்லோரும் என்ன செய்வார்கள் தெரியுமா, திரையை அணைத்துவிடுவார்கள். பிறகு தார் ரோடு ஏறி, காற்றுப் பிடித்து, வீடு வந்து, அடுத்த வாரம் திருநெல்வேலி போகும்போதும் அது அணைந்தே இருக்கும்.

ஆகவே வாங்கும் முன்பே பாருங்கள்: கீழ் எல்லையை 12, 14 வரை இறக்க முடிகிறதா? சில திரைகள் 20-க்குக் கீழே வைக்கவே விடாது. ரோட்டுக்கு ஒன்று, மணலுக்கு ஒன்று என இரண்டு அளவுகளைச் சேமித்து ஒரே பொத்தானில் மாற்ற முடிந்தால் அதற்குக் கூடுதல் காசு கொடுக்கலாம். மணல் அலாரத்தை 14-இல் வைத்தால், 18-இல் ஓடும்போது அமைதியாக இருக்கும், முள் குத்தினால் மட்டும் கத்தும். அப்போதுதான் அந்தச் சத்தத்துக்கு அர்த்தம் இருக்கும். பல உள் சென்சார்கள் வண்டி 20, 25 கிலோமீட்டர் வேகத்தைத் தொட்டால்தான் விழிக்கும். மணலில் 10-இல் ஊர்ந்துகொண்டிருக்கும்போது திரையில் தெரிவது பழைய எண்ணாக இருக்கலாம், காற்று இறக்கும்போது வால்வில் வைத்து அளக்கும் கை கேஜ்தான் சாட்சி.

சூடான டயரைப் பார்த்துப் பதறுவதும் உண்டு. காலையில் 27 டிகிரியில் 35 வைத்த டயர், மத்தியானம் பைபாஸில் உள்காற்று 60 டிகிரிக்குப் போனால் 40 காட்டும். அது இயல்பு. அதிகமாகிவிட்டதே என்று அங்கேயே 35-க்கு இறக்கினால் மறுநாள் காலை 30-தான் இருக்கும். மேல் அலாரத்தை 44 பக்கம் வையுங்கள், குளிர்ந்த டயரில் மட்டும் காற்றைத் திருத்துங்கள்.

மலை ஏறினால் இன்னொரு குழப்பம். மேட்டுப்பாளையத்தில் காலையில் கேஜிலும் திரையிலும் 35. மறுநாள் காலை ஊட்டியில் கேஜ் 35-ஐ ஒட்டியே காட்டும், திரையில் 32, 33 இருக்கும். இரண்டும் கெட்டுப் போகவில்லை. 2,240 மீட்டர் உயரத்தில் வெளிக்காற்றின் அழுத்தம் கிட்டத்தட்ட 3 பிஎஸ்ஐ குறைவு. கேஜ் அதையும் சேர்த்துக் கணக்கிடுகிறது. பல சென்சார்கள் கடல்மட்டக் காற்றையே நிரந்தரமாகக் கழித்துக் காட்டுகின்றன, குளிரில் குறைந்ததை மட்டும் சொல்கின்றன. அங்கே கேஜை நம்புங்கள்.

திரையும் ஸ்டெப்னியும்

வி-கிராஸ் 5.3 மீட்டர் நீளம், பின்னால் சாமான் ஏற்றும் இரும்புத் தொட்டி. பின் சக்கரங்களின் சிக்னல் விட்டுவிட்டு வந்தால் சென்சாரைக் குறை சொல்வதற்கு முன் திரையை டேஷ்கேமுக்கும் ஃபாஸ்ட் சார்ஜருக்கும் பக்கத்திலிருந்து நகர்த்திப் பாருங்கள். எனக்கு அது போதுமானதாக இருந்தது. சோலார் திரையை டேஷ்போர்டில் ஒட்டிவிட்டு வண்டியைச் சித்திரை வெயிலில் பூட்டிப் போகாதீர்கள். உள்ளே இருப்பது லித்தியம் பேட்டரி, உப்பிவிடும். நான் இறங்கும்போது கழற்றி குளோவ் பாக்ஸுக்குள் போட்டுவிடுகிறேன்.

2020-இல் மத்திய அரசு, 3.5 டன் வரையுள்ள பயணிகள் வாகனங்களில் டியூப்லெஸ் டயரும் ரிப்பேர் கிட்டும் டிபிஎம்எஸ்ஸும் இருந்தால் ஸ்டெப்னி கட்டாயமில்லை என்று விதியைத் திருத்தியது. அதைக் கேள்விப்பட்டு, எடை குறையட்டும் என்று ஸ்டெப்னியைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டுக் காட்டுப் பாதைக்குக் கிளம்புகிறவர்கள் இருக்கிறார்கள். கிழிந்த பக்கவாட்டையும் பிய்ந்த வால்வையும் எந்த ரிப்பேர் கிட்டும் அடைக்காது. ஸ்டெப்னியை ஏற்றிக்கொள்ளுங்கள், அதற்கும் ஒரு ஐந்தாவது சென்சார் போடுங்கள். தொட்டிக்கு அடியில் தொங்கும் அந்தச் சக்கரத்தில் காற்று இருக்கிறதா என்று யாரும் குனிந்து பார்ப்பதில்லை. அன்று தேரியில் நான் இறக்கிய ஸ்டெப்னியில் 19 இருந்தது. மணலுக்கு அது போதும் என்பதால் தப்பித்தேன்.