ட்ரெயிலருக்கு ரூல்ஸ் பெட்டி அடிக்கும்போது விடும் பிழைகள்

மாரி தொடங்கி மூன்றாவது கிழமை. கிறீஸ் கன்னை எடுக்கலாம் என்று, உழவு மெசின் ட்ரெயிலரின் முன் சட்டத்தில் பூட்டியிருந்த, வேலைச் சாமான் போடும் ரூல்ஸ் பெட்டியின் மூடியைத் தூக்கினால் உள்ளே அரைச் சாண் தண்ணீர். கிறீஸ் கன், ஸ்பானர் கட்டு, ஜக், போன கிழமை வாங்கிய பெல்ட் எல்லாம் அதற்குள் ஊறிக்கிடந்தன. 3 மில்லிமீற்றர் தகட்டில் அடித்த பெட்டி அது. "தம்பி, ஆனை ஏறி நிண்டாலும் அசையாது" என்று சொல்லித்தான் ஒட்டுக்கார (வெல்டிங்) அண்ணை தந்தவர். உண்மைதான், அசையவில்லை. உள்ளே போன தண்ணீரில் ஒரு சொட்டைக்கூட வெளியே விடவும் இல்லை.

(தச்சரும் மேசன்மாரும் இதை ஆயுதப் பெட்டி என்பார்கள். எங்கள் யாழ்ப்பாணத்தில் யுத்த காலத்தில் அந்தச் சொல்லைச் சோதனைச் சாவடியில் சொல்லிவிட்டு வீடு வந்து சேர முடியாது. அதனால் எனக்கு ரூல்ஸ் பெட்டி என்றே வாயில் பழகிவிட்டது.)

இங்கே பெட்டி அடிக்கப் போகிறவர் முதலில் கேட்பது "எத்தனை எம்.எம். தகடு?" என்றுதான். தொண்ணூறுகளின் பொருளாதாரத் தடைக்குள் வளைந்த ஆணியையும் நிமிர்த்திப் பாவித்த சனம் நாங்கள். இரும்பு என்றால் கனமாக இருக்கவேண்டும். ஆனால் நான் பார்த்த பெட்டிகளில் தகடு மெல்லிசு என்று கெட்டது ஒன்றும் இல்லை. தண்ணீரால் கெட்டவை, குலுக்கத்தால் வெடித்தவைதான் அத்தனையும்.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். நாலடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம். ஆறு பக்கமும் சேர்த்து 28.5 சதுர அடி. 2 மில்லிமீற்றர் தகட்டில் அது ஏறக்குறைய 42 கிலோ, 3 மில்லிமீற்றரில் 62 கிலோ. வெறும் பெட்டியிலேயே 20 கிலோ கூடுகிறது. அந்த 20 கிலோவும் கிறவல் ரோட்டில் முன் சட்டத்தைப் போட்டு அடிக்கும். 2 மில்லிமீற்றர் எடுத்து, வாயைச் சுற்றி ஓரங்குல எல் அயன் கொடுத்தால் போதும். 8க்கு 4 சீற் ஒன்றில் இந்த அளவு முழுதாக வந்துவிடும்: சீற்றின் நாலடிக் குறுக்கில் ஒன்றரை அடிப் பட்டியாக நாலு வெட்டினால் அடி, மூடி, முன், பின். மிச்ச இரண்டடியில் இரண்டு பக்கத் தகடுகளும் மூடி விளிம்புக்கு ஒரு ஆறங்குலப் பட்டியும் கிடைக்கும். இதைச் சோக்கால் கீறிப் பார்க்காமல் கிறைண்டரைக் கையில் எடுத்து இரண்டாவது சீற்றுக்குக் காசு கட்டியவர்களைத் தெரியும்.

இடம் அளக்கும்போது விடும் பிழை ஒன்று இருக்கிறது. மெசினும் ட்ரெயிலரும் நேராக நிற்கும்போது அளந்தால் முன் சட்டத்தில் இடம் தாராளமாகத் தெரியும். ஒழுங்கைக்குள் வெட்டித் திருப்பும்போதுதான் மெசினின் பின் சில்லு பெட்டி மூலையை வந்து தொடும். இரண்டு பக்கமும் முட்ட முட்டத் திருப்பி வைத்து, சில்லுக்கும் பெட்டிக்கும் நடுவில் ஒரு கை அகலமாவது மிஞ்சுகிறதா என்று பாருங்கள். கொட்டுகிற ட்ரெயிலர் என்றால் தட்டை மேலே தூக்கியும் அளக்கவேண்டும். மூடி எந்தப் பக்கம் திறக்கும், ட்ரெயிலரின் முன் பலகையில் முட்டுமா என்பதையும் அப்போதே பார்த்துவிடலாம். மூடி நேர்குத்தைத் தாண்டிச் சாயாவிட்டால் சோளகக் காற்றில் அது உங்கள் விரலுக்கு மேல்தான் வந்து விழும். ஒரு துண்டுச் சங்கிலி இருந்தால் மறுபக்கம் மல்லாக்க விழாமல் தாங்கும்.

இனி மூடி. என் முதல் பெட்டியைக் கெடுத்தது இதுதான். தட்டையான தகடு ஒன்றை வாய்க்கு மேல் வைத்துப் பிணைச்சல் பூட்டினால் பார்வைக்கு மூடிதான். மழை பெய்தால் அது ஒரு தட்டம். தண்ணீர் மேலே தேங்கி, மெசின் குலுங்கும்போது அலைந்து, பிணைச்சல் பக்கத்து இடுக்கால் உள்ளே இறங்கும். வாயின் விளிம்பு முக்கால் அங்குலம் மேலே எழும்பி நிற்கவேண்டும். மூடியின் விளிம்பு அதற்கு வெளியால் ஓர் அங்குலத்துக்கு மேல் கீழே மடிந்து இறங்கவேண்டும். அப்போது தண்ணீர் உள்ளே வரவேண்டும் என்றால் மேலே ஏறி வரவேண்டும். கார்க் கதவுக்குப் போடும் றப்பர் பீடிங்கை அந்த எழும்பிய விளிம்பில் கொளுவுங்கள். பிணைச்சல் பக்கத்தை ஓர் அங்குலம் உயர்த்திவிட்டால் மழை முன்பக்கமாக வழிந்து போகும். பிணைச்சலுக்கு மேல் பழைய ரியூப்பில் வெட்டிய ஒரு பட்டி. ஐந்து சதம் செலவில்லை.

இவ்வளவும் செய்தாலும் பெட்டிக்குள் ஈரம் வரும். மார்கழி, தை விடியலில் மூடியின் உள்பக்கத்தைத் தடவிப் பாருங்கள், வியர்த்திருக்கும். ஆகவே அடித் தகட்டின் நாலு மூலையிலும் 8 அல்லது 10 மில்லிமீற்றர் துளை வேண்டும். "ஓட்டை போட்டால் தண்ணி வராதோ?" என்று கேட்பார்கள். வருவதைவிடப் போவதுதான் கூட. துளை போடாத என்னுடைய 3 மில்லிமீற்றர் பெட்டி இப்போது கிணற்றடியில் மாட்டுக்குத் தண்ணித் தொட்டி.

ஒட்டுக்கு வருவோம். தடித்த 10 கேஜ் ஒட்டுக் குச்சியைப் போட்டு 2 மில்லிமீற்றர் தகட்டை ஒட்டினால் ஓட்டை விழும். மெல்லிய 12 கேஜ், அதாவது இரண்டரை மில்லிமீற்றர் குச்சி, 60 முதல் 70 அம்பியர் வரை. அதைவிடப் பெரிய பிழை, ஒரு மூலையில் தொடங்கி மற்ற மூலை வரை ஒரே இழுவையாக இழுப்பது. ஒட்டு ஆறும்போது சுருங்கித் தகட்டை இழுக்கும், பெட்டி முறுகிவிடும். மூன்று அங்குலத்துக்கு ஒரு சின்ன ஒட்டுப் பொட்டு வையுங்கள். மூலைக்கு மூலை நாடா பிடித்து இரண்டு குறுக்களவும் ஒன்றா என்று பாருங்கள். பிறகு ஓரங்குலம் ஒட்டி, எதிர்ப்பக்கம் போய் ஓரங்குலம் ஒட்டுங்கள். மூடியைத் தாளில் கீறிய அளவுக்கு வெட்டவே வேண்டாம். பெட்டியை முழுதாக ஒட்டி ஆறவிட்டு, வாயை அளந்த பிறகு வெட்டுங்கள்.

சட்டத்தில் ஏதாவது ஒட்ட வேண்டியிருந்தால் ஏர்த் கிளாம்பை ஒட்டும் இடத்துக்குப் பக்கத்திலேயே கவ்வவிடுங்கள். தூரத்தில் சில்லில் கொளுவினால் மின்சாரம் பெயாரிங்குக்குள்ளால் போய் அதன் குண்டுகளைச் சுட்டுவிடும். இரண்டு மாதம் கழித்துச் சில்லு சத்தம் போடும்போது யாருக்கும் காரணம் விளங்காது. மெசினில் இருந்து ட்ரெயிலரைக் கழற்றிவிடுங்கள்; முடியாவிட்டால் பற்றரியின் நெகற்றிவ் வயரையாவது கழற்றுங்கள்.

பழைய பரலை வெட்டித் தகடு எடுப்பது நம்மூர்ப் பழக்கம். பெற்றோலோ டீசலோ இருந்த பரல் வெறுமையாக இருந்தாலும் ஆவி உள்ளே நிற்கும். கிறைண்டர் பொறி ஒன்று பட்டால் குண்டுதான். பழக்கமில்லாதவர் அதைத் தொடவே வேண்டாம். நாகம் (சிங்க்) பூசிய தகடும் இன்னொரு ஆபத்து. அதை அப்படியே ஒட்டினால் வரும் வெள்ளைப் புகையைச் சுவாசித்தவருக்கு அன்றிரவு குளிரும் காய்ச்சலும் வரும். பால் குடித்தால் சரி என்பார்கள். பால் போவது வயிற்றுக்கு, புகை போவது நெஞ்சுக்கு. ஒட்டும் இடத்தில் பூச்சை உரசி எடுத்துவிட்டு, காற்றோட்டமான இடத்தில் முகமூடியோடு செய்யுங்கள்.

பெட்டியைச் சட்டத்தோடு ஒட்டிவிடாமல் போல்ட் போட்டுப் பூட்டுங்கள். குறுக்கே போட்ட ஒட்டின் ஓரத்தால்தான் சட்டம் வெடிக்கும். 12 மில்லிமீற்றர் போல்ட் நாலு, நைலோன் நட், உள்ளே பெரிய வாசர். சட்டத்துக்கும் பெட்டிக்கும் நடுவில் அரை அங்குல றப்பர் துண்டுகள் வைத்தால் சேறு தங்காது.

பூட்டுக்குப் பெரிதாகச் சொல்ல ஒன்றும் இல்லை. ஆமைப்பூட்டைச் சுற்றி ஒரு துண்டுப் பொக்ஸ் பார் ஒட்டிவிட்டால் கம்பி போட்டு நெம்ப முடியாது.

கடைசியாகப் பெயின்ற். பருத்தித்துறையோ குருநகரோ, கடற்கரையில் இருப்பவருக்கு உப்புக்காற்றைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை. ஆனால் அவர்களும் செய்கிற பிழை, சிவப்பு அன்டிகொரோசிவ் அடித்துவிட்டு அதுவே போதும் என்று விடுவது. அது அடிப்பூச்சு, ஈரத்தை முழுதாக மறிக்காது. மேலே எனாமல் இரண்டு தரம் வேண்டும். அதற்கு முன் ஒட்டின் கசடைத் தட்டி, தெறித்த மணிகளை உரசி, தின்னரால் துடைக்கவேண்டும். விட்டு விட்டு ஒட்டிய இடைவெளிகளை வெளியால் சீலர் பூசி அடையுங்கள், இல்லாவிட்டால் முதலாவது கறள் அங்கேதான் ஒழுகும். பெட்டியைக் கவிழ்த்து அடிப்பக்கத்துக்கும் அடியுங்கள், துளைகளின் விளிம்புக்கும் அடியுங்கள். வெயில் ஏறிய பிறகு தொடங்கிப் பின்னேரம் நாலு மணிக்கு முன் முடித்துவிடுங்கள், பனி விழுந்தால் பூச்சு மங்கிப் போகும். நன்றாகக் காயும் மட்டும் ஸ்பானரை உள்ளே போடவேண்டாம்.