க்வில்ட் பைண்டிங்: கைத்தையலா, மெஷின் தையலா? தவிர்க்க வேண்டிய தவறுகள்

க்வில்ட் போர்வைக்குத் துண்டுத் துணிகளை இணைத்து, நடுவில் பஞ்சு வைத்து, மூன்று அடுக்கையும் சேர்த்துத் தைத்து முடித்த பிறகு மிச்சமிருப்பது பைண்டிங் மட்டும்தான். ஓரத்தைச் சுற்றி மூடும் அந்தப் பட்டையைக் கையால் முடிப்பதா, மெஷினில் அடிப்பதா என்று பலர் யோசிப்பதே பட்டையின் ஒரு பக்கத்தைத் தைத்த பிறகுதான். நான் பார்த்தவரை பெரிய தவறு இதுதான்.

பட்டையை எந்தப் பக்கத்தில் முதலில் பிடிப்பது என்பதே அந்த முடிவைப் பொறுத்தது. கையால் முடிப்பதானால், முதலில் முன்பக்கத்தில் மெஷினில் தைத்து, பட்டையைப் பின்னால் மடித்து, அங்கே ஹெம்மிங், அதாவது மடிப்பின் விளிம்பைச் சிறு கைத்தையல்களால் பிடிப்பது, செய்ய வேண்டும். முழுக்க மெஷின் என்றால் தலைகீழ். முதலில் பின்பக்கம் தைத்து, முன்னால் மடித்து, மடிப்பின் விளிம்பையொட்டி அடிக்க வேண்டும். அப்போது கடைசித் தையல் நம் கண்ணெதிரே விழும். கோணினால் உடனே தெரியும். கைத்தையலுக்கென்று முன்பக்கம் பிடித்துவிட்டு, பாதியில் பொறுமை போய் மெஷினுக்கு மாறினால், அடியில் இருக்கும் பட்டையைப் பார்க்காமலே அடிக்க வேண்டிவரும். ஊசி சில இடத்தில் பட்டையைப் பிடிக்கும், சில இடத்தில் தவறிவிடும். அப்புறம் உட்கார்ந்து பிரிக்க வேண்டியதுதான்.

இரண்டாவது தவறு, கையால் செய்தால்தான் உயர்த்தி என்று நினைத்து முடிவெடுப்பது. அந்தப் போர்வை எப்படிப் புழங்கப்போகிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும். குழந்தைக்கான போர்வை அடிக்கடி துவைக்கப்படும், இழுபடும். ஹெம்மிங் ஒற்றை நூலில் ஓடுவது. ஓரிடத்தில் அறுந்தால் பக்கத்துத் தையல்களும் தளரும். மெஷின் தையலில் மேல்நூலும் அடிநூலும் பின்னிக்கொள்வதால் அது கூடுதலாகத் தாங்கும். சுவரில் மாட்டுவதற்கோ கண்காட்சிக்கோ என்றால் கைத்தையலுக்கு ஈடில்லை. தையலே தெரியாமல் ஓரம் மெத்தென்று உருண்டு நிற்கும். அந்த அழகுக்காக இரண்டு மூன்று சாயங்காலம் செலவழிக்கலாம்.

கைத்தையலில் எல்லோரும் செய்வது, ஊசியில் அடிக்கடி நூல் கோக்கச் சோம்பல்பட்டு நீளமாக எடுப்பது. நீள நூல் முறுக்கிக்கொள்ளும், உரசி நைந்தும் போகும். சுமார் 18 அங்குலம் போதும். நூலின் நிறம் பட்டைக்குப் பொருந்த வேண்டும். பின்துணிக்குப் பொருத்தினால் பட்டையின் மேல் புள்ளி புள்ளியாகத் தெரியும். ஊசி பின்துணியையும் கொஞ்சம் பஞ்சையும் மட்டும் பிடிக்கட்டும், முன்பக்கம் வரை போகக் கூடாது. தையல்கள் நெருக்கமாக, அங்குலத்துக்கு எட்டு முதல் பத்து வரை இருந்தால் நல்லது. ஒரு சாண் தூரத்துக்கு ஒருமுறை அதே இடத்தில் இரண்டு தையல் போட்டுக் கெட்டிப்படுத்திவிட்டால், ஓரிடத்தில் அறுந்தாலும் முழுதும் பிரியாது.

மெஷினில் வேறு சிக்கல். கனமான மூன்று அடுக்கின் மேல் பட்டையும் சேரும்போது, மெஷினின் பற்கள் அடித்துணியை நகர்த்தும். மேலிருப்பது பின்தங்கிச் சுருங்கும். மேல்துணியையும் சேர்த்து நகர்த்தும் வாக்கிங் ஃபுட் என்ற அழுத்துபாதத்தை மெஷினில் மாட்டினால் மேலும் கீழும் ஒன்றாக நகரும். தையல் நீளம் 3 மில்லிமீட்டர் அளவில் இருக்கட்டும். சுருக்கம் வராமலிருக்கப் பட்டையை இழுத்துப் பிடித்துத் தைப்பவர்கள் உண்டு. அப்படிச் செய்தால் போர்வையின் ஓரமே சுருங்கிப்போகும். குண்டூசிக்குப் பதில் கிளிப் போட்டால் மடிப்பு நகராது, கையிலும் குத்தாது.

பட்டையின் அகலத்தையும் முதலிலேயே யோசியுங்கள். இரண்டாக மடித்த பட்டைக்கு, கால் அங்குலத் தையல் விட்டால், கையால் முடிக்க 2¼ அங்குலம் போதும். மெஷினுக்கு 2½ வெட்டுவது எனக்குப் பிடிக்கும், ஏனென்றால் மடிப்பு முதல் தையல் கோட்டைத் தாண்டி நன்றாக மூட வேண்டும். பஞ்சு தடிமனாக இருந்தால் இந்தக் கணக்கு மாறும். மிச்சத் துணியில் அதே பஞ்சை வைத்து ஒரு சாண் நீளம் தைத்துப் பார்த்துவிட்டு மீதிப் பட்டையை வெட்டுங்கள். வளைந்த ஓரமென்றால் எந்த முறையானாலும் கிராஸ் பீஸ்தான், அதாவது துணியின் இழைக்குச் சாய்வாக வெட்டிய பட்டை. நேராக வெட்டிய பட்டை வளைவில் படியாது.

எல்லாமே மெஷினில்தான் என்று முடிவு செய்தவர்களும் நான்கு மூலைகளுக்கு மட்டும் ஊசியைக் கையில் எடுக்கலாம். மூலையின் சாய்வு மடிப்பை முன்னும் பின்னும் நாலைந்து கைத்தையலால் மூடிவிட்டால், துவைக்கும்போது அது வாய் பிளக்காது.