ஆம்ப்ளிஃபயர் பேட்டரியை எங்கே குடிக்கிறது? அளந்து பிடிக்கும் முறை

பாம்பனில் புயல் கூண்டு ஏறினால் மண்டபத்தில் எங்கள் தெருவுக்கு முதலில் போவது கரண்ட். அப்பாவுக்கு இலங்கை எஃப்எம் ஓடாவிட்டால் வலை பின்னக் கை வராது. அதனால் வீட்டிலிருந்த பழைய ஆம்ப்ளிஃபயரை இன்வெர்ட்டரிலும், இன்வெர்ட்டரை 12 வோல்ட் 7 ஏஹெச் (ஒரு ஆம்ப் வீதம் இழுத்தால் ஏழு மணி நேரக் கணக்கு) பேட்டரியிலும் மாட்டிக் கொடுத்தேன். ஒன்றரை மணி நேரத்தில் இன்வெர்ட்டர் கத்திவிடும். பெரிய பேட்டரி வாங்க ராமநாதபுரம் கிளம்பியவன், எதற்கும் ஒரு தடவை அளந்து பார்ப்போமே என்று மீட்டரை எடுத்தேன். நல்லவேளை.

முதல் வேலை, ஆம்ப் அளப்பது. பேட்டரி பிளஸ் பக்கத்தில் 10 ஆம்ப் ஃபியூஸ் கட்டாயம். மல்டிமீட்டரின் சிவப்பு வயரை 10 ஆம்ப் துளைக்கு மாற்றுங்கள். பிளஸ் வயரைக் கழற்றி, அந்த இடைவெளியில் மீட்டரை உட்கார வையுங்கள்.

நான் மாட்டிக்கொண்டது இங்கேதான். ஆம்பை அளந்து முடித்த கையோடு, வோல்ட் எவ்வளவு என்று பார்க்க டயலை மட்டும் திருப்பினேன். சிவப்பு வயர் 10 ஆம்ப் துளையிலேயே இருந்தது. அந்தத் துளையில் இருக்கும்போது மீட்டர் என்பது வெறும் கம்பித் துண்டு மாதிரிதான். பேட்டரியின் இரண்டு முனையிலும் வைத்ததும் பளிச்சென்று ஒரு பொறி. மீட்டர் வயரின் முனையில் இருக்கும் முள்ளின் நுனி எரிந்த தீக்குச்சி மாதிரி உருண்டுவிட்டது, இன்னும் அதைத்தான் வைத்திருக்கிறேன். ஆம்ப் அளந்ததும் வேறு எதையும் தொடுவதற்கு முன் சிவப்பு வயரைப் பழைய துளைக்கு மாற்றிவிடுங்கள்.

மீட்டர் காட்டியது இது: வால்யூம் பூஜ்யத்தில் 1.4 ஆம்ப். சத்தமே இல்லாமல் கிட்டத்தட்ட 17 வாட்! பாட்டு ஓடினால் 2.5 ஆம்ப்.

காரணம் எளிது. பேட்டரியின் 12 வோல்ட்டை இன்வெர்ட்டர் 230 ஆக ஏற்றுகிறது. ஆம்ப்ளிஃபயருக்கு உள்ளே டிரான்ஸ்ஃபார்மர் அதைத் திரும்ப இறக்குகிறது. அதை டிசி ஆக்கும் நாலு டையோடு பிரிட்ஜ் சுமார் 1.4 வோல்ட்டை விழுங்குகிறது. மண்டபத்து மீனை மதுரைக்கு அனுப்பி, அங்கிருந்து வாங்கிவந்து குழம்பு வைக்கிற கதை. கடைசியில் சத்தத்தைப் பெருக்கும் கிளாஸ் ஏபி (பழைய வகை) சர்க்யூட், வாங்கும் வாட்டில் கணக்குப்படி அதிகபட்சம் 78.5 சதவீதத்தை ஸ்பீக்கருக்குத் தரும், அதுவும் முழு வால்யூமில்தான். வீட்டில் கேட்கிற அளவுக்கு வைத்தால் 25 சதவீதம் தேறினாலே பெரிது, மீதி ஹீட்சிங்க்கில் (சூட்டை வெளியேற்றும் அலுமினியத் தகடு) சூடாகப் போகும். இன்வெர்ட்டருக்கு 85, டிரான்ஸ்ஃபார்மர் பக்கத்துக்கு 80 என்று வைத்துப் பெருக்கிப் பாருங்கள். 100 வாட் போட்டால் ஸ்பீக்கருக்கு 17.

அடுத்து, இடையில் இருப்பவர்களை எல்லாம் கழற்றிவிடுவது. டிபிஏ3116 சிப் போட்ட கிளாஸ் டி போர்டு வாங்குங்கள், வேகமாக ஆன்-ஆஃப் செய்தே சத்தத்தைப் பெருக்கும் வகை, சூடாக வீணாவது குறைவு. அந்த சிப் 4.5 முதல் 26 வோல்ட் வரை ஏற்கும், பேட்டரியிலேயே நேராக மாட்டலாம். ‘ஏபி சத்தம்தான் இனிமை’ என்று சண்டைக்கு வருபவர்கள் கரண்ட் இருக்கும்போது வரட்டும். அதே ஸ்பீக்கர், அதே சத்தம்: பாட்டில்லாமல் 0.07 ஆம்ப், பாட்டோடு 0.35. லெட் ஆசிட் பேட்டரியைப் பாதிக்குக் கீழே இறக்கக் கூடாது. அந்தப் பாதியிலேயே பத்து மணி நேரம் ஓடுகிறது.

ஸ்பீக்கரையும் பாருங்கள். ஒரு வாட் கொடுத்தால் எவ்வளவு சத்தம் தரும் என்பதை டெசிபலில் போட்டிருப்பார்கள். 87 டெசிபல் ஸ்பீக்கருக்குப் பதில் 93 டெசிபல் போட்டால், அதே சத்தத்துக்குக் கால்வாசி வாட் போதும். திருவிழாவில் குழாய் ஸ்பீக்கர் அடுத்த ஊர் வரை கேட்பதும் இந்தக் கணக்கில்தான்.

இரண்டு மாதம் கழித்து, வால்யூமை ஏற்றினால் மேளம் அடிக்கும்போதெல்லாம் சத்தம் அறுந்தது. பேட்டரி முனையில் 12.5 வோல்ட், போர்டு முனையில் 11.2. நடுவில் 1.3 வோல்ட்டைக் காணோம். பேட்டரியில் கவ்வியிருந்த முதலைக் கிளிப்பைப் பிரித்தால் உள்ளே பச்சைக் களிம்பு, உப்புக்காற்றின் வேலை. உப்புத்தாளால்தான் தேய்த்தேன் (பெயரைப் பாருங்கள்!). கிளிப்பைத் தூக்கிப் போட்டுவிட்டு திருகும் லக் (வயர் முனையில் மாட்டும் வளையம்) வைத்து, 1.5 ஸ்கொயர் எம்எம் செம்பு வயர் இழுத்து, மேலே வாசலின் தடவினேன். கடலோர வீட்டில் இதை மாதம் ஒருமுறை பார்க்க வேண்டும்.

சேர்த்தது: தொண்டியிலிருந்து ஒருவர், போர்டு மாட்டியும் சத்தமே வரவில்லை, ‘டிக் டிக்’ மட்டும் கேட்கிறது என்று எழுதியிருந்தார். பழைய பெட்டியில் இரண்டு ஸ்பீக்கரின் மைனஸும் ஒரே வயராக இருந்திருக்கிறது. இந்த போர்டில் ஸ்பீக்கர் மைனஸ் என்பது கிரவுண்ட் இல்லை, அதிலும் சிக்னல் ஓடுகிறது. இரண்டையும் சேர்த்தால் ஷார்ட் என்று சிப் தன்னை அணைத்துக்கொள்ளும். ஸ்பீக்கருக்கு இரண்டு வயர் வீதம் தனித்தனியாக இழுங்கள்.

கரண்ட் இருக்கும்போது என்ன மாட்டுவது என்று இன்னொருவர் கேட்டிருந்தார். சிசிடிவி கடையில் கிடைக்கும் 12 வோல்ட் 5 ஆம்ப் எஸ்எம்பிஎஸ் (வீட்டுக் கரண்ட்டை 12 வோல்ட் டிசி ஆக்கும் பெட்டி) போதும். பேட்டரியைக் கழற்றிவிட்டு மாட்டுங்கள், இரண்டையும் சேர்த்து வேண்டாம்.